தழும்போடு எழுந்தவர்

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. அழுவதற்கு அங்கே வைத்திருக்கும் சொற்களிற் பாதியேனும் மகிழ்வதற்கு இல்லை. கோவாவிலிருந்து 1705ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலந்தோறும் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. கேட்போர் முழந்தாளிட்டுக் கண்ணீர் பெருக்கினர். மன்னார்ப் பேசாலையிலே பாஸ்கு ஆயிற்று. 1965இல் தோன்றிய திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் நாடகங்கள் யாழ்ப்பாணத்து அரங்குகளை நிறைத்தன. சிலுவை சுமந்த வழியின் ஒவ்வொரு அடியும் நமக்கு மனப்பாடம். ஆயின், கல்லறை திறந்த அந்த வைகறையைப் பற்றி நம்மவர் பாடியவை எத்தனை? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இது தமிழனின் ஒப்பாரி மோகம் என்று சிலர் எளிதிற் சொல்லிவிடுவர். நமக்கு அது சரியாகப் படவில்லை. பாடுகளுக்குச் சாட்சிகள் உண்டு; நாள் உண்டு, நாழிகை உண்டு, முள்முடியும் காடியும் உண்டு. புலவனுக்கு வேண்டிய பொருள் யாவும் அங்கே குவிந்து கிடக்கின்றன. உயிர்த்தெழுந்த அந்தக் கணத்தையோ நான்கு சுவிசேஷகருள் ஒருவரும் வருணித்தாரில்லை. அவர்கள் காட்டுவதெல்லாம் புரட்டப்பட்ட கல், வெறுங் கல்லறை, அதன் முன்னே திகைத்து நிற்கும் சில பெண்கள், இவ்வளவே. அப்பெண்களும் மகிழ்ச்சியை எதிர்பார்த்துச் சென்றவர்கள் அல்லர். நறுமணப் பொருள்களோடு இறந்தவர்க்குரிய கடனைச் செய்யச் சென்றவர்கள். நம் ஊரிலே காடாற்றுக்குப் போவார் மனநிலை எதுவோ, அதுவே அவர்கள் மனநிலை. நம் வழக்கிற் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அங்கே பெண்களே போனார்கள் என்பது ஒன்றுதான் வேறுபாடு. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் பழம்பிரதிகளோ, அவர்கள் அஞ்சி ஓடினார்கள் என்ற செய்தியோடு சட்டென்று முடிந்துவிடுகின்றன. உயிர்ப்பின் முதல் உணர்ச்சி அச்சமே. மகிழ்ச்சி பின்னால் வந்தது. அதுவும் மெல்ல மெல்ல வந்தது.

வழிபாடு இதனை நன்கு அறிந்திருக்கிறது. பெரிய சனி இரவிலே கோயில் விளக்குகள் அணைகின்றன. வெளியே புதுத்தீ மூட்டிப் பாஸ்காத் திரியை ஏற்றுகின்றனர். இருளினூடே அந்த ஒற்றைச் சுடர் உள்ளே செல்ல, அதிலிருந்து கைத்திரிக்குக் கைத்திரியாக ஒளி பரவுகின்றது. தவக்காலம் முழுதும் வாய்திறந்து சொல்லப்படாத 'அல்லேலூயா' நெடிய வாசகங்களுக்குப் பின்னரே மீள்கின்றது. (ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. 1951இற் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மாற்றும்வரை இச்சடங்கு பல நூற்றாண்டுகளாகச் சனி காலையிலேயே நடந்து வந்தது. பங்குனி வெயில் பலகணி வழியே கொட்டிக்கொண்டிருக்க, குருவானவர் இரவின் பெருமையை இலத்தீனிற் பாடிக்கொண்டிருப்பார்! இரவு இல்லாத இடத்தில் விடியலுக்கு என்ன வேலை?)

கொழும்புத் தமிழருக்கு இந்த இரவின் பொருள் 2019ஆம் ஆண்டில் வேறாயிற்று. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டும் குருத்தோலை ஞாயிறும் ஏப்ரல் 14 என்ற ஒரே நாளில் வந்தன. அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கின்றது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த நாளில், வணிகர் வேடத்தில் மறைந்து திரிந்த குருவானவர் ஒருவர் கடலரிப்பு நிற்கும்படி கரையிலே சிலுவை நாட்டி மன்றாடினார் என்பதும், அவ்விடமே பின்னர்க் கோயிலாயிற்று என்பதும் செவிவழிச் செய்தி. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போய்ப் பார்த்தால் திருநீறு அணிந்தவரும், பிரித்நூல் கட்டியவரும், சிலுவை அணிந்தவரும் ஒரே வரிசையில் நிற்பர். அன்று காலை, தமிழ்ப் பூசை நடந்துகொண்டிருந்த வேளையில், அக்கோயிலில் குண்டு வெடித்தது. கோபுரக் கடிகாரத்தின் முட்கள் 8.45இல் நின்றுவிட்டன. நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், தலைநகரின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் அதே காலையில் குண்டுகள் வெடித்தன. கீழைக் கரையிலே, ஞாயிறு கடலிலிருந்து எழும் மட்டக்களப்பிலே, சீயோன் தேவாலயத்தின் சிறுவரும் மாண்டனர். நாடெங்கும் இறந்தோர் 260 பேருக்கு மேல்.

அடுத்த ஞாயிறு ஏப்ரல் 28. அந்த ஞாயிற்றுக்குரிய சுவிசேஷ வாசகம் ஆண்டுதோறும் மாறாத ஒன்று. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரம். சீடர்கள் அச்சத்தினாற் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள் என்று அது தொடங்குகின்றது. அன்று கொழும்பு மறைமாவட்டத்தின் கோயில்களில் மக்கள் கூடிய பூசை இல்லை. தாக்குதல் மீண்டும் நேரலாம் என்ற அச்சத்தினாற் கதவுகள் மூடிக் கிடந்தன. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தம் இல்லத்துச் சிற்றாலயத்திலே ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியிற் கண்டவாறே மக்கள் அந்த வாசகத்தைக் கேட்டனர். வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் தாழிட்ட கதவுகளுக்குப் பின்னாலிருந்து, தாழிட்ட கதவுகளைப் பற்றிய கதையைக் கேட்பது எத்தகைய அனுபவம்! பிரசங்கத்தில் ஆயிரம் முறை கேட்டுப் பழகிய வசனம் அன்று தெருச் செய்தியாகிவிட்டது. அன்று காலை 8.45க்குக் கொச்சிக்கடைக் கோயிலின் மணி மட்டும் ஒலித்தது.

அதே அதிகாரத்தின் பிற்பகுதி தோமையாரைப் பற்றியது. தமிழருக்கு உறவுபோன்ற அப்போஸ்தலர் அவர். மயிலாப்பூர் அவரை விடுவதில்லை, கொழும்பு ஜிந்துப்பிட்டியிலும் அவர் பெயரால் அங்கிலிக்கன் தமிழ் ஆலயம் ஒன்றுண்டு. அவரை 'நம்பாதவர்' என்று பழிப்பது வழக்கமாகிவிட்டது. அவர் கேட்டதை ஊன்றிப் பாருங்கள். அவர் அற்புதம் ஒன்றும் கேட்கவில்லை; காயத்தைக் காட்டு என்றே கேட்டார். காயமில்லாமல் வந்து நிற்கும் ஒருவரை ஆண்டவரென்று ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை. எழுந்தவரும் காயத்தை ஆற்றிவிட்டு வரவில்லை. கையிலும் விலாவிலும் அதனை வைத்துக்கொண்டே வந்தார். உயிர்ப்பின் மகிழ்ச்சி என்பது துயரை மறந்துவிடும் மகிழ்ச்சி என்று எண்ணுவோர்க்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுமோ? கட்டுவாப்பிட்டியவிலே இரத்தம் தெறித்த உயிர்த்த கிறிஸ்துவின் திருவுருவத்தைக் கழுவிவிடாமல் கண்ணாடிக்குள் வைத்துக் காத்து வருகின்றனர். இறையியல் நூல் எதனையும் விட அந்தக் கண்ணாடிப் பெட்டி நன்றாகப் பேசுகின்றது.

கொட்டாஞ்சேனைக்கு உயிர்ப்பு ஞாயிற்றின் இரத்தக்கறை இது முதன்முறையன்று என்பதையும் சொல்லவேண்டும். 1883 மார்ச் 25, அதுவும் உயிர்ப்பு ஞாயிறே. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே புனித லூசியா பேராலயத்தின் அயலிலே கலவரம் மூண்டது. நீதி கிடைக்கவில்லையென்று பௌத்தர் குறைப்பட, கேணல் ஒல்கொட் அடுத்த ஆண்டு இலண்டனுக்குச் சென்று முறையிட்டார். 1885 முதல் வெசாக் விடுமுறை நாளாயிற்று. இன்று கொழும்பு வீதிகளில் நாம் பார்த்து மகிழும் வெசாக் கூடுகளுக்குப் பின்னே அந்த ஞாயிற்றின் கைகலப்பும் மறைந்திருக்கின்றது. அன்று கத்தோலிக்கர் கையிலும் கம்பு இருந்தது. 2019இல் அது நிகழக்கூடாதென்று கர்தினால் கருதினார். மே மாதத் தொடக்கத்தில் நீர்கொழும்பிலே கலகம் மூண்டபோது, முஸ்லிம் மக்கள்மேல் எவரும் கைவைக்கலாகாது என்று வேண்டினார். அவ்வேண்டுகோள் எங்கும் கேட்கப்படவில்லை; அந்த மாதமே வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன.

கொச்சிக்கடைக் கோயில் 2019 ஜூன் 12ஆந் தேதி, அந்தோனியார் பெருநாளுக்கு முதல்நாள், மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12இல் வந்தபோது கதவுகள் மறுபடியும் மூடியிருந்தன. இம்முறை கொள்ளைநோயும் ஊரடங்கும் காரணம். ஆக, இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஏப்ரல் 4ஆந் தேதியே கொழும்பு மக்கள் உயிர்ப்பு ஞாயிற்றைக் கோயிலிலே கொண்டாடினர். வாயிலிலே காவலர் பைகளைச் சோதித்தனர். உள்ளே அல்லேலூயா பாடினர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று வெளியிலிருந்து பார்ப்போர்க்குத் தோன்றலாம்.

முன்னெச்சரிக்கை கிடைத்தும் கடமை தவறினார்கள் என்று முன்னாள் ஜனாதிபதியையும் உயர் அதிகாரிகளையும் உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் குற்றங்கண்டது. முன்னாள் ஜனாதிபதி மட்டும் பத்துக்கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனப் பணித்தது. ஆயினும் திரையின் பின்னே நின்றவர் யார் என்ற வினாவை, உற்றாரை இழந்தவர்கள் ஆண்டுதோறும் ஏப்ரல் 21இல் எழுப்பி வந்திருக்கின்றனர். மகிழ்ச்சிப் பாடலைப் பாடிய அதே வாய்தான் கேட்கின்றது. அதில் நாம் குற்றங் காணவில்லை. தோமையார் கேட்ட கேள்வியின் தொடர்ச்சியாகவே அது நமக்குத் தோன்றுகின்றது.

ஆறாம் ஆண்டு நினைவு நாளில், 2025 ஏப்ரல் 21இல், அன்று மாண்ட கத்தோலிக்கருள் 167 பேரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகளாக வத்திக்கான் பதிந்துகொண்ட செய்தியைக் கர்தினால் அறிவித்தார். 2015இற் கொழும்புக்கு வந்து, காலிமுகத் திடலில் யோசேப் வாஸ் முனிவரைப் புனிதராக உயர்த்திய பாப்பரசர் பிரான்சிஸ் உரோமையிற் காலமானதும் அதே நாளிலேதான்.

பாஸ்காத் திரியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஏற்றுவதற்கு முன்னர் அதிலே சிலுவை கீறி, அவ்வாண்டின் நான்கு இலக்கங்களையும் பொறிப்பர். பின்னர்ச் சாம்பிராணி மணிகள் ஐந்தைச் சிலுவை வடிவிலே அதிற் குத்திப் பதிப்பர். இரண்டு கைகள், இரண்டு கால்கள், ஒரு விலா என்று அவை ஐந்து காயங்களைக் குறிக்கும். அதன்பின்னரே திரிக்கு நெருப்பிடுவர்.