செய்தி நம்மைத் தேடி வர ஒரு வழி

நம் சங்கக் குடும்பங்களில் கல்லூரி, பல்கலைக்கழகப் பணியில் இருக்கும் பிள்ளைகள் அநேகர். அவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். நான் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்லன்.

என் மகள் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் விரிவுரையாளர். ஒன்றரை வருடம் பாடுபட்டு எழுதிய ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. அதே முடிவை வேறொருவர் எட்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தாராம். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. "ஏம்மா, முன்னாலேயே தெரியவில்லையா?" என்றேன். "எத்தனை பத்திரிகையை அப்பா தினம் போய்ப் பார்ப்பது?" என்றாள்.

எனக்கு எங்கள் காஷன் ஆர்டர் நினைவுக்கு வந்தது. எந்த இடத்தில் பாதை வேலை நடக்கிறது, அங்கே என்ன வேகத்தில் போக வேண்டும் என்று எழுதி டிரைவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் வழியெல்லாம் இறங்கி விசாரிக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்கும் அப்படி ஒன்று உண்டா என்று அவர்கள் நூலகரிடம் கேட்கச் சொன்னேன்.

உண்டு. அதன் பெயர் ஆர்.எஸ்.எஸ். ஓடை. அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! 1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. ஓடை தரும் இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சிறு கோப்பை வைத்திருக்கும். புதிதாக ஏதாவது வெளிவந்தால் அதன் தலைப்பு, சுருக்கம், தேதி, முகவரி ஆகியவை அந்தக் கோப்பில் ஏறிவிடும். நம்மிடம் உள்ள 'ரீடர்' என்னும் மென்பொருள் குறித்த நேரத்துக்கு ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் பார்த்து, புதியவற்றை மட்டும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும்.

மருத்துவ, உயிரியல் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்தில் நமக்கு வேண்டிய சொற்களைத் தேடி, அந்தத் தேடலையே ஓடையாக மாற்றிக்கொள்ளலாம். பால் கின்ஸ்பார்க் 1991-ல் தொடங்கிய ஆர்க்சிவ் தளம், இயற்பியல், கணிதம் எனப் பிரிவுவாரியாக ஓடை தருகிறது. பல ஆய்விதழ்களும் தருகின்றன.

மகளின் நூலகர் இன்னொன்றும் செய்தார். துறைக்கு வேண்டிய ஓடைகளைப் பொறுக்கியெடுத்து, துறையின் பக்கத்திலேயே தலைப்புகள் தெரியும்படி வைத்தார். இப்போது தனித்தனியாக யாரும் தேட வேண்டியதில்லை. ஒருவர் பார்த்தது எல்லோருக்கும் கிடைக்கிறது.

கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது ஓடைகளும் போயின என்று பலர் நினைத்தார்கள். ஒரு ஸ்டேஷனை மூடினால் தண்டவாளம் போய்விடுமா? வேறு ரீடர்கள் இருக்கின்றன. நம் ஓடைப் பட்டியலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. ஆசைப்பட்டு நூறு ஓடைகளைச் சேர்த்தால் எதையும் படிக்க மாட்டீர்கள். பத்தில் தொடங்குங்கள். காஷன் ஆர்டரைக் கையில் வாங்கினால் மட்டும் போதாது. படித்துப் பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டியவர் டிரைவர்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். மகள் இப்போது தினமும் காலைக் காப்பியோடு கால் மணி நேரம் இதைப் பார்க்கிறாள்.