புது கிட்டார் வாங்கப் போறீங்களா? பில்லில் இல்லாத அந்த 950 ரூபாயை முதல்ல எடுத்து வைங்க



நம்ம சேனல்ல எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ், பி.எஃப். எல்லாம் நிறைய பேசியாச்சு. இன்னைக்கு ஒரு மாறுதலுக்கு, முதல் சம்பளம் வந்ததும் நம்மில் பல பேர் ஆசையா வாங்கி, ஆறு மாசத்துல பீரோ மேல ஏத்திடுற ஒரு பொருளைப் பத்திப் பார்க்கலாம். அக்கூஸ்டிக் கிட்டார்.

"இதுல என்ன பெர்சனல் ஃபைனான்ஸ் இருக்கு?"ன்னு கேட்காதீங்க. வாங்கிட்டுப் பயன்படுத்தாத பொருளை விட விலை அதிகமான பொருள் கிடையாது. அந்தத் தப்பை நானே செஞ்சிருக்கேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பீரோ மேல இரண்டு வருஷம்

எனக்குச் சொந்த ஊர் சின்னாளப்பட்டி. அப்பா நெசவாளர். கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சு, மூணாவது மாசச் சம்பளத்துல ஆன்லைன்ல ஒரு கிட்டார் ஆர்டர் போட்டேன். பை, பெல்ட், பிக், கூடுதல் கம்பி எல்லாம் சேர்த்து 'காம்போ' விலை 6,800 ரூபாய். பெட்டியைப் பிரிச்சு, ஃபோன் ஆப் வச்சு ட்யூன் பண்ணி, வீடியோ பார்த்துக் கத்துக்க உட்கார்ந்தேன்.

முதல் வாரம் விரல் நுனி எரிஞ்சது. எல்லாருக்கும் அப்படித்தான்னு சொன்னாங்க. மூணாவது வாரமும் எரிஞ்சது. ஒரே விரலால ஆறு கம்பியையும் அழுத்துற எஃப் மேஜர் வந்தப்போ சுத்தமா முடியல. அழுத்தினா 'டப் டப்'னு சத்தம்தான் வந்துச்சு. "நமக்கு இசை ஞானம் இல்லப்பா"ன்னு நானே தீர்ப்பு எழுதி, கிட்டாரை ஊருக்குக் கொண்டுபோய் பீரோ மேல வச்சுட்டேன். இரண்டு வருஷத்துல மொத்தமா ஒரு 11 மணி நேரம் வாசிச்சிருப்பேன்.

அப்புறம் சம்பளம் கொஞ்சம் கூடுச்சு. பிரச்சனை என்கிட்ட இல்ல, விலை குறைஞ்ச கிட்டார்லதான்னு ஒரு எண்ணம் வந்துச்சு. 18,000 ரூபாய் கிட்டாரை 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'ல கார்ட்ல போட்டு வச்சிருந்தேன். அந்த வாரம் ஊருக்குப் போனப்போ, சர்ச்ல கிட்டார் வாசிக்கிற பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் பீரோ மேல இருந்ததை இறக்கிப் பார்த்தார்.

"தம்பி, இதை யாருகிட்டயாவது செட்டப் பண்ணக் குடுத்தியா?"

"இல்லண்ணே, புதுசாத்தானே வாங்குனேன்."

"புதுசுன்னா? கம்பி எவ்வளவு உயரத்துல நிக்குது பாரு. இதுல யார் வாசிச்சாலும் விரல் கிழியும்."

பக்கத்துல உட்கார்ந்திருந்த அப்பா சிரிச்சார். "ஏண்டா, தறி வாங்குன அன்னிக்கே சேலை இறங்குமா? அச்சு பார்க்கணும், பாவு இழுப்பு பார்க்கணும். அப்புறம்தானே நாடா ஓடும்?"

அந்த அண்ணன் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சரி பண்ணினார். கூலி 600, புதுக் கம்பி 350. மொத்தம் 950 ரூபாய். அடுத்த நாள் அதே கிட்டார்ல எஃப் மேஜர் விழுந்துச்சு. 18,000 ரூபாய் ஆர்டரை கேன்சல் பண்ணினேன்.

இந்தப் பதிவோட சாரமே இதுதான்: கிட்டாரோட விலை என்பது, அது வாசிக்கிற நிலைக்கு வர்ற வரைக்கும் ஆகுற மொத்தச் செலவு. பில்லில் இருப்பது அதுல ஒரு பகுதி மட்டும்தான்.

முதல்ல பட்ஜெட்

உங்க மொத்த பட்ஜெட் 12,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. பலரும் 12,000 ரூபாய்க்குக் கிட்டார் தேடுவாங்க. அப்படிச் செய்யாம இப்படிப் பிரிச்சுப் பாருங்க:

- கிட்டார்: 9,000
- செட்டப் கூலியும் நல்ல கம்பியும்: 1,200
- பஞ்சு வச்ச பை: 1,000
- கூடுதலா ஒரு செட் கம்பி: 450
- கேப்போ: 300
- பிக்: 50
- ட்யூனர்: 0 (ஃபோன்ல இலவச ஆப் போதும்)

விலைகள் கடைக்குக் கடை மாறும். நினைவுல வைக்க வேண்டியது விகிதம்: 100 ரூபாயில் 75 கிட்டாருக்கு, 25 மத்ததுக்கு.

எந்த பிராண்ட்னு கேட்பீங்க. கொல்கத்தாவின் கிவ்சன், ஹாப்னர் எல்லாம் குறைந்த விலையில் பல வருஷமா கிடைக்கிற நம்ம நாட்டு கிட்டார்கள். அதுக்கு மேல யமஹா எஃப் 310 மாதிரியான தொடக்க மாடல்கள். இன்னும் கொஞ்சம் மேல போனா யமஹா எஃப்.ஜி. 800. இதோட முன்பலகை ஒரே மரத்தால் ஆனது. தொடக்க மாடல்களில் பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான் இருக்கும். ஒரே மரம்னா சத்தம் நல்லா இருக்கும், ஆனா வெயிலுக்கும் ஈரத்துக்கும் சீக்கிரம் அசையும். முதல் கிட்டாருக்கு ஒட்டுப்பலகை ஒண்ணும் அவமானம் இல்ல.

ஒரு எச்சரிக்கை: நைலான் கம்பி போடுற கிளாசிக்கல் கிட்டார் வேற, ஸ்டீல் கம்பி போடுற அக்கூஸ்டிக் கிட்டார் வேற. ஸ்டீல் கம்பி ஒரு செட் சேர்ந்து இழுக்குற இழுப்பு சுமார் 70 கிலோ. ஒரு ஆளோட எடை! நைலான் கிட்டார்ல ஸ்டீல் கம்பி மாட்டினா பிரிட்ஜ் பிய்ச்சுக்கிட்டு வந்துடலாம்.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' நிஜமாவே காசில்லாததா?

12,000 ரூபாய் கிட்டார், 6 மாசம், மாசம் 2,000. பார்க்க வட்டியே இல்லாத மாதிரி இருக்கும். உள்ள நடப்பது வேற. வங்கி வட்டி போடும், அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி தருவார். ஆண்டுக்கு 15% வட்டின்னு வச்சா, அந்த வட்டி சுமார் 508 ரூபாய். அதுக்கு 18% ஜி.எஸ்.டி. 91 ரூபாய் உங்க தலையில். செயல்பாட்டுக் கட்டணம் 199ன்னா வரியோட சேர்த்து 235. ஆக 326 ரூபாய் கூடுதலா போகுது. ஒரு செட் கம்பி காசு! மொத்தமா பணம் கொடுத்தா கடைக்காரர் குறைச்சிருப்பார் இல்லையா, அந்தத் தள்ளுபடியும் போச்சு.

சுழிய வட்டி என்ற ஒன்றே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. ஒரு தவணை தவறினா கிரெடிட் கார்டு வட்டி மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல கூடப் போகலாம்.

என் யோசனை: அதே 2,000 ரூபாயை 6 மாசம் ஆர்.டி.யில் போடுங்க. அந்த ஆறு மாசத்துல நண்பர்கிட்ட ஒரு கிட்டார் இரவல் வாங்கி வாசிச்சுப் பாருங்க. ஆறு மாசம் கழிச்சும் ஆசை இருந்தா, அது நிஜமான ஆசை. இல்லன்னா 12,000 ரூபாய் கையில் இருக்கு. ஆனா ஒண்ணு, எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டு கிட்டார் வாங்காதீங்க.

கிரெடிட் கார்டுக்கு ஒரு நல்ல பயன்

கிட்டார் வாங்கப் போகும்போது கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு, பான் கார்டுன்னு ஒரு நாலஞ்சு எடுத்துட்டுப் போங்க. பணம் கட்ட இல்ல, அளக்க! உலகம் முழுக்க வங்கிக் கார்டோட தடிமன் ஒரே அளவுதான், 0.76 மி.மீ. பான் கார்டும் கிட்டத்தட்ட அதே. எழுத்து புடைக்காத தட்டையான கார்டா இருக்கணும்.

கிட்டாரை ட்யூன் பண்ணச் சொல்லிட்டு, 12வது ஃப்ரெட்டுக்கு வாங்க. பொதுவா பக்கவாட்டில் இரட்டைப் புள்ளி இருக்கும் இடம்.

1. மேல இருக்குற தடிமனான ஆறாவது கம்பிக்குக் கீழ, அந்த ஃப்ரெட் மேல கார்டுகளை அடுக்கி நுழைங்க. மூணு கார்டு (2.3 மி.மீ.) உள்ள போய், நாலாவது (3 மி.மீ.) கம்பியைத் தூக்கினா நல்ல உயரம். அஞ்சு கார்டு (3.8 மி.மீ.) போகுதுன்னா ரொம்ப உயரம். என் கிட்டார்ல அஞ்சு போச்சு.
2. கீழ இருக்குற மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு கார்டு போய், மூணாவது தடுக்கணும்.
3. ஒவ்வொரு கம்பியையும் மூணாவது ஃப்ரெட்ல அழுத்திக்கிட்டு, முதல் ஃப்ரெட் மேல இருக்குற இடைவெளியைப் பாருங்க. தலைமுடி அளவுக்குத்தான் இருக்கணும். அதிகமா இருந்தா நெக்கின் தலைப்பக்கம் இருக்குற 'நட்' உயரம்னு அர்த்தம். எஃப் மேஜர் விழாததுக்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.
4. 12வது ஃப்ரெட்ல கம்பியை அழுத்தாம லேசாத் தொட்டு மீட்டுங்க, அப்புறம் அழுத்தி மீட்டுங்க. இரண்டும் ட்யூனர் ஆப்ல ஒரே ஸ்வரம் காட்டணும்.
5. எல்லா ஃப்ரெட்லயும் ஒவ்வொரு கம்பியையும் ஒரு தடவை மீட்டுங்க. 'கிர்ர்'னு உரசல் எங்க வருதுன்னு குறிச்சுக்கோங்க.

உயரம் சரியில்லன்னா "செட்டப் பண்ணித் தருவீங்களா?"ன்னு கேளுங்க. விலை பேரம் பேசுறதை விட இதைப் பேரம் பேசுறது லாபம். 300 ரூபாய் தள்ளுபடியை விட இலவச செட்டப் மதிப்பு அதிகம். திண்டுக்கல், மதுரைக் கடைகளா இருந்தாலும் சரி, 1842லிருந்து இருக்குற சென்னை அண்ணா சாலை மியூசி மியூசிக்கலா இருந்தாலும் சரி, கேட்கத் தயங்காதீங்க.

ஆன்லைன்ல வாங்கினா, பெட்டி பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. இந்த அஞ்சு சோதனையையும் அன்னைக்கே செய்யுங்க. நெக் முறுக்கியிருந்தாலோ, மரத்தில் விரிசல் இருந்தாலோ, ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள திருப்பி அனுப்பணும். கம்பி உயரம் மட்டும்தான் பிரச்சனைன்னா அனுப்ப வேண்டாம், செட்டப்ல சரியாகும்.

செட்டப்ல என்ன நடக்குது?

தெரிஞ்சுக்கிட்டா ஏமாற மாட்டீங்க. என் கிட்டார்ல நடந்ததையே சொல்றேன்.

கம்பியோட இழுப்புல நெக் லேசா முன்னால வளையும். அதைச் சரி பண்ண உள்ள 'ட்ரஸ் ராட்'னு ஒரு இரும்புக் கம்பி இருக்கு. அதை கால் சுற்று இறுக்கினார். உயரம் 0.2 மி.மீ. குறைஞ்சது. நெக் முழு நேரா இருக்கக் கூடாது, 0.2 முதல் 0.3 மி.மீ. வரை லேசான வளைவு வேணும். இல்லன்னா கம்பி ஃப்ரெட்ல உரசும்.

அடுத்து சாடில். பிரிட்ஜ் மேல கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு. இங்க ஒரு எளிய கணக்கு: 12வது ஃப்ரெட் என்பது கம்பியோட சரிபாதி. அதனால அங்க 1 மி.மீ. குறைக்கணும்னா சாடில்ல 2 மி.மீ. தேய்க்கணும். அதோட அடிப்பக்கத்தை உப்புத்தாள்ல தேய்ச்சார். 3.8ல இருந்த உயரம் 2.6க்கு வந்துச்சு.

கடைசியா கம்பி. 12 கேஜ் கம்பியை எடுத்துட்டு, புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஏத்த 10 கேஜ் போட்டார். அழுத்தச் சுலபம், இழுப்பும் குறைவு.

இதுல கம்பி மாத்துறதை நீங்களே கத்துக்கோங்க, வருஷத்துக்கு இரண்டு மூணு கூலி மிச்சம். சாடில் தேய்க்கிறதும், நட் அறுக்குறதும் தெரிஞ்சவர்கிட்ட விடுங்க. அதிகமா தேய்ச்சுட்டா திரும்ப வளராது. சர்ச் குழுவிலோ மெல்லிசைக் குழுவிலோ வாசிக்கிறவங்களைக் கேட்டா, உங்க ஊர்லயே செய்யத் தெரிஞ்ச ஒருத்தரைக் கை காட்டுவாங்க.

நம்ம ஊர் வெயில்

கிட்டாருக்குப் பிடிச்ச காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். திண்டுக்கல் பக்கம் சித்திரை வெயில்ல காத்து காயும், ஐப்பசி மழையில் ஊறும். ஷீட் போட்ட மாடி அறையிலும், வெயில்ல நிறுத்தின கார்லயும் வைக்காதீங்க, பசை இளகிடும். பைக்குள்ள வச்சு, வெளிச்சுவர் ஒட்டாம நிறுத்துங்க. வாசிச்சு முடிச்சதும் பருத்தித் துணியால கம்பியைத் துடைச்சா வியர்வையில் துரு ஏறாது. துணிக்கு எங்க ஊர்ல பஞ்சமே இல்ல!

கடைசிக் கணக்கு

செட்டப்புக்கு முன்னாடி: 6,800 ரூபாய், 11 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 618 ரூபாய்.

செட்டப்புக்கு அப்புறம் ஒரு வருஷம், தினம் அரை மணி நேரம்னு சுமார் 300 நாள் வாசிச்சேன். மொத்தச் செலவு 7,750 ரூபாய், மொத்த நேரம் 161 மணி. ஒரு மணி நேரத்துக்கு 48 ரூபாய். இந்த வருஷம் அது இன்னும் குறையுது.

பணக் கணக்கு ஒரு பக்கம். "எனக்கு வராது"ன்னு நான் இரண்டு வருஷம் நம்பினது இன்னொரு பக்கம். அதுக்கு நான் விலை போடல. உங்க வீட்டு பீரோ மேலயும் ஒரு கிட்டார் இருந்தா, புதுசு வாங்குறதுக்கு முன்னாடி, இன்னைக்கு ராத்திரி அதை இறக்கி, அஞ்சு கார்டு எடுத்து அளந்து பாருங்க.

எத்தனை கார்டு போச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.