பழைய சாகாவுக்குப் புது முகம்

மோடனாஸ் தொழிற்சாலை இருக்கும் குருணில் வண்டி ஆசைக்குப் பஞ்சமில்லை. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவை வைத்திருப்பவர்களே, வெளுத்த கிரில்லைத் தூக்கி எறியாதீர்கள். அசல் கிடைப்பது அரிது.

கழற்றி, சோப்பு நீரில் கழுவி, 600 எண் உப்புத்தாளால் ஈரமாகத் தேயுங்கள். முகக்கவசம் அணிந்து, வெட்டவெளியில் பிளாஸ்டிக் பிரைமர் அடியுங்கள். இருநிறமென்றால் முதலில் வெள்ளி நிறம். மறுநாள் விளிம்புகளை மாஸ்கிங் டேப்பால் மூடி, கறுப்பை மெல்லிசாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். டேப் ஒட்டுவதுதான் பாதி நேரத்தைத் தின்னும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது. கறுப்பு முழுதாக இறுகுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள், இல்லையேல் ஓரம் பிய்ந்து வரும்.

ஈரக்காற்று பட்டால் சாயம் பால்போல் மங்கும். ஜெராய் மலையில் மேகம் இறங்கினால் அன்று ஸ்ப்ரே டின்னைத் தொடாதீர்கள்.