கர்ப்பிணி உடலில் ஏறிய எச்.ஐ.வி. ரத்தம்!
சாத்தூர் சம்பவம் சொல்லும் பாடம்

விருதுநகர்: சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு ஆலை வெடிவிபத்துக்குப் பஞ்சமில்லை. ரத்த வங்கி இல்லாமல் இங்கே நாள் ஓடாது. அந்த ரத்தமே ஒரு தாய்க்கு எமனாக வந்தது. 2018-ம் ஆண்டு டிசம்பரில் நடந்த அந்தச் சம்பவம் நாட்டையே உலுக்கியது.

நடந்தது என்ன?

சாத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார். "உடம்பில் ரத்தம் குறைவு" என்றார்கள் டாக்டர்கள். சிவகாசி அரசு ரத்த வங்கியில் இருந்து வந்த ரத்தம் டிசம்பர் 3-ந் தேதி ஏற்றப்பட்டது.

அந்த ரத்தம், ஒரு இளைஞர் தன் உறவுக்காரப் பெண்ணுக்காகக் கொடுத்தது. பிறகு அவர் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவ சோதனை செய்து கொண்டார். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பதறிப்போன அவர் தானாகவே ஓடிவந்து தகவல் சொன்னார். அதற்குள் காரியம் கைமீறி விட்டது.

மனம் உடைந்த அந்த இளைஞர் தன் உயிரை மாய்த்துக் கொண்டார்.

தப்பு எங்கே?

கிருமி புகுந்த முதல் சில வாரங்கள் சாதாரண சோதனையில் சிக்காது. ஆனால் இங்கே அந்தச் சாக்குக்கு இடமில்லை. 2016-லேயே அவர் கொடுத்த ரத்தத்தில் கிருமி இருந்தது தெரிந்திருக்கிறது. அவருக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை! அந்த ஒரு தகவல் போயிருந்தால் இரண்டு குடும்பங்கள் தப்பியிருக்கும்.

குழந்தை தப்பியது

2019 ஜனவரியில் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு மாத்திரை, பிறந்ததும் குழந்தைக்கு மருந்து என்று டாக்டர்கள் போராடினார்கள். குழந்தைக்கு எடுத்த முதல் சோதனையில் நோய் இல்லை என்று வந்தது. அந்தத் தாய்க்கு ரூ.25 லட்சம் இழப்பீடும், வீடும் கொடுக்கும்படி மதுரை ஐகோர்ட்டு கிளை 2019 ஜூலையில் உத்தரவிட்டது.

ஒட்டிக்குமா?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான். 1986-ல் டாக்டர்கள் சுனிதி சாலமன், நிர்மலா கண்டுபிடித்தார்கள். இத்தனை வருஷம் ஆகியும், "ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா ஒட்டிக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு.

ஒட்டாது! தொட்டாலும் வராது. கொசு கடித்தாலும் வராது. உடலுறவு, ரத்தம், ஊசி, தாயிடம் இருந்து குழந்தை. இவைதான் வழி.

கிருமியை அடியோடு விரட்ட மருந்து இல்லை. அடக்கி வைக்க உண்டு. அரசு ஆஸ்பத்திரி கூட்டு மருந்து மையங்களில் மாத்திரை இலவசம். நாள் தவறாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல வேலை பார்க்கலாம், குடும்பம் நடத்தலாம். நோயைக் காரணம் காட்டிப் பாகுபாடாக வேலையை விட்டு நீக்குவதை 2017-ம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது.

ரத்தம் கொடுக்கப் பயப்பட வேண்டாம். கொடுப்பவருக்கு நோய் வராது. கொடுத்த பிறகு, "என் ரத்தத்தில் சோதனை முடிவு என்ன?" என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 1097-க்கு போன் செய்யலாம். காசு கிடையாது.