தக்காளிக்கு ஊன்று கொடுக்கும் முறைகள்

தக்காளி பயிரிடும் விவசாயிகள் அனைவரும் அதன் விலை ஏற்ற இறக்கத்தை நன்கு அறிவர். 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் காயைச் செடியிலேயே விட்டுவிட்ட நாட்களும் உண்டு. விலையை நிர்ணயிப்பது நம் கையில் இல்லை. ஆனால் காய்த்த காய் மண்ணில் கிடந்து அழுகாமல் கூடைக்கு வந்து சேரும்படி செய்வது நம் கையில் இருக்கிறது. இதற்கு உதவுவதே ஊன்று கொடுத்தல் ஆகும். இதற்கான குச்சிகளை விலைக்கு வாங்காமல், உங்கள் வரப்பிலும் வேலியிலும் உள்ள மரங்களிலிருந்தே தயாரித்துக் கொண்டால், விலை சரிந்தாலும் கைப்பொருள் நட்டமாகாது.

ஊன்று எதற்கு?

தக்காளியின் தண்டு மென்மையானது. காய் பிடித்தவுடன் பாரம் தாங்காமல் செடி சாய்ந்து தரையில் படர்கிறது. ஈர மண்ணைத் தொடும் காய்களில் பழுப்பு நிற வளையங்கள் தோன்றிக் காய் அழுகுகிறது. மண்ணில் வாழும் பைட்டோப்தோரா என்னும் பூசணமே இதற்குக் காரணம். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது இலைக்கருகல் நோயைத் தோற்றுவிக்கும் பூசணமும் அடி இலைகளுக்கு ஏறுகிறது. செடியை நிமிர்த்திக் கட்டினால் காய் மண்ணைத் தொடாது. காற்றும் வெயிலும் உள்ளே புகுந்து இலைகள் விரைவில் உலரும். மருந்து தெளிப்பதும் பறிப்பதும் எளிதாகும். மிதிபட்டு வீணாகும் காய்களும் குறையும்.

எந்தச் செடிக்குத் தேவை?

எல்லாத் தக்காளிக்கும் ஊன்று அவசியம் என்பதில்லை. பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 போன்ற உயரம் குறைந்த இரகங்களைக் கோடையில் பயிரிடும்போது, செடியின் அடியில் வைக்கோல் அல்லது கரும்புத் தோகையைப் பரப்பினாலே போதும். பூசா ரூபியைப் போல நுனி வளர்ந்துகொண்டே போகும் இரகங்களுக்கும், அர்கா ரக்ஷக் போன்ற காய்ப்பு மிகுந்த வீரிய ஒட்டு இரகங்களுக்கும் ஊன்று கொடுப்பதே நலம். மழைக்காலப் பயிருக்கு எந்த இரகமானாலும் ஊன்று கொடுத்தால் பயன் உண்டு.

ஏற்ற மரங்கள்

சவுக்குக் கழி நேராகவும் உறுதியாகவும் இருப்பதால் மிகவும் ஏற்றது. மூங்கிலைப் பிளந்தும், தைலமரக் கிளைகளை வெட்டியும் பயன்படுத்தலாம். சவுண்டல் மரத்தை வரப்பில் வளர்த்து அவ்வப்போது வெட்டி வந்தால் மாட்டுக்குத் தழையும் தோட்டத்துக்குக் குச்சியும் கிடைக்கும். அகத்தி மரம் மென்மையானது. ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது. துவரை அறுவடை செய்தவர்கள் நன்கு காய்ந்த துவரை மாரை ஒரு பருவத்துக்குத் தனிச்செடி ஊன்றாகப் பயன்படுத்தலாம். சீமைக்கருவேல் உறுதியானது, ஆனால் கோணலும் முள்ளும் உள்ளதால் நேரான கிளைகளை மட்டும் தேர்ந்தெடுத்து முள்ளைச் செதுக்கிவிட வேண்டும்.

கிளுவை, பூவரசு, வாதநாராயணன், கிளைரிசிடியா ஆகியவற்றின் கிளைகளைப் பச்சையாக ஊன்றக்கூடாது. அவை வேர்விட்டுத் துளிர்த்து, தக்காளிக்குச் சேர வேண்டிய நீரையும் உரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். முற்றிலும் காய்ந்த பிறகே அவற்றைப் பயன்படுத்தலாம்.

குச்சி தயாரித்தல்

நாற்றங்காலில் விதை இடும்போதே குச்சிகளையும் வெட்டத் தொடங்குங்கள். நாற்று வளர 25 நாட்கள் ஆகும். நட்ட பிறகு மேலும் மூன்று வாரங்கள் கிடைக்கும். குச்சிகள் காய்வதற்கு இந்த இடைவெளி உதவும்.

வெட்டிய கழியின் பட்டையை உரித்துவிட வேண்டும். பட்டைக்கு உள்ளே ஈரம் தங்கினால் கரையானும் பூச்சிகளும் எளிதில் புகும். உரித்த கழிகளை நிழலில், தரையில் படாமல் கட்டை மேல் அடுக்கிக் காயவிடுங்கள். பச்சை மூங்கிலானால் மூன்று நான்கு வாரங்கள் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு உலர்த்துவது நல்லது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்து நீரில் கரைந்து வெளியேறுவதால் உளுத்துப்போவது குறையும். இதற்குக் கூடுதல் நாட்கள் தேவை என்பதால் மூங்கிலை முன்கூட்டியே வெட்ட வேண்டும்.

அடிமுனையை அரிவாளால் கூராகச் சீவுங்கள். மேல் முனையையும் கணுக்களையும் மழுங்கச் செதுக்கிவிட்டால் காயையும் தண்டையும் கீறாது. பல பருவங்களுக்குப் பயன்படுத்தப் போகும் கனமான கால்களின் அடியில் 2 அடி உயரத்துக்குத் தார் பூசி உலரவிடலாம். பழைய என்ஜின் எண்ணெயைப் பூசாதீர்கள்; அது மண்ணில் கசிந்து கெடுதல் செய்யும்.

முதல் முறை: தனிக்குச்சி

ஒவ்வொரு செடிக்கும் ஒரு குச்சி ஊன்றும் முறை இது. குச்சி 4 முதல் 5 அடி உயரமும், கட்டைவிரல் பருமனும் இருந்தால் போதும். செடியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, 1 அடி ஆழத்துக்கு ஊன்ற வேண்டும். முதல் நாள் நீர் பாய்ச்சியிருந்தால் மண் இளகி இருக்கும். கடினமான மண்ணில் கடப்பாரையால் குழி போட்டு ஊன்றுங்கள். குச்சியின் தலையில் அடித்தால் பிளந்துவிடும்.

நட்ட மூன்று வாரங்களுக்குள் ஊன்றிவிடுவது முக்கியம். காலம் தாழ்த்தினால் பரவிய வேர்கள் அறுபடும். அறுபட்ட வேர் வழியே வாடல் நோய்க் கிருமிகள் நுழையும்.

செடி ஓரடி வளர்ந்ததும், நட்ட சுமார் 30ஆம் நாளில், முதல் கட்டைப் போடுங்கள். கயிற்றை முதலில் குச்சியில் இறுக்கி முடிந்து, பின் எட்டு என்னும் எண்போல் குறுக்காகச் சுற்றித் தண்டைத் தளர்வாகக் கட்ட வேண்டும். தண்டுக்கும் கயிற்றுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். தண்டு பருக்கும்போது கயிறு வெட்டாமல் இருக்கவே இந்த இடைவெளி. ஊறவைத்த வாழை நார், சணல், பழைய துணிக் கிழிசல் எதுவும் உதவும். கம்பியால் நேரடியாகக் கட்டக்கூடாது. பூங்கொத்துக்குக் கீழே, இலைக்கணுவை ஒட்டிக் கட்டினால் பாரம் தாங்கும்.

இரண்டாம் முறை: வரிசைக் கால்

பரப்பு அதிகமானால் தனிக்குச்சி முறையில் செலவும் ஆளும் கூடும். அப்போது 4 அடி இடைவெளியில் வரிசை அமைத்து, வரிசையில் 2 அடிக்கு ஒரு செடி நட்டு, 10 அடிக்கு ஒரு கால் ஊன்றலாம். கால் 6 அடி நீளமும் மணிக்கட்டுப் பருமனும் உள்ளதாய் இருக்க வேண்டும், 1.5 அடி மண்ணுக்குள் போக வேண்டும். வரிசையின் இரு கோடிகளிலும் உள்ள கால்களுக்குச் சாய்வாக முட்டுக் கொடுங்கள். கயிற்றின் இழுவை முழுவதும் அவற்றின் மேல்தான் விழும்.

தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில், செடிகளின் ஒரு பக்கமாகச் சணல் கயிற்றை இழுத்து, ஒவ்வொரு காலிலும் ஒரு சுற்றுச் சுற்றிக் கடைசிவரை செல்லுங்கள். பின் மறுபக்கமாகத் திரும்பி வாருங்கள். செடிகள் இரு கயிறுகளுக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்கும். செடி முக்கால் அடி உயர உயர, அடுத்த அடுக்குக் கயிறு கட்ட வேண்டும். நான்கு அடுக்குகள் போதும்.

ஒரு கணக்கு

10 சென்ட் நிலத்தில் 3 அடிக்கு 2 அடி இடைவெளியில் நட்டால் சுமார் 750 செடிகள். தனிக்குச்சி முறையில் 750 குச்சிகள் தேவை. வரிசைக் கால் முறையில் 560 செடிகள் அடங்கும். 66 அடி நீளமுள்ள 17 வரிசைகளுக்குச் சுமார் 135 கால்களும், 34 முட்டுகளும் போதும். கயிறு ஓர் அடுக்குக்கு 700 மீட்டருக்குச் சற்று அதிகமாகும். மெல்லிய குச்சி நிறையக் கிடைப்பவர்கள் முதல் முறையையும், சவுக்குக் கழி உள்ளவர்கள் இரண்டாம் முறையையும் பின்பற்றலாம்.

செடியைக் கவாத்து செய்தல்

தரையிலிருந்து 20 செ.மீ. உயரம் வரை உள்ள பக்கக் கிளைகளை இளசாக இருக்கும்போதே கையால் கிள்ளி எடுங்கள். அதற்கு மேல் இலைகளை அளவுக்கு மீறிக் கழிக்க வேண்டாம். நிழல் குறைந்தால் வெயிலில் காய் வெந்து வெளுத்துப் போகும். ஈரம் உலர்ந்த பிறகே கிள்ளவும் கட்டவும் வேண்டும். புகையிலை, பீடி பயன்படுத்துவோர் சோப்பினால் கை கழுவிய பிறகே செடியைத் தொட வேண்டும். கை வழியே தேமல் நோய் பரவும். நோயுற்ற செடியைக் கடைசியாகத் தொடுங்கள்.

ஊன்று கொடுத்ததால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடாது. காயின் நுனி கறுத்து அழுகுவது, நீர் பாய்ச்சுவதில் ஏற்படும் ஒழுங்கின்மையால் செடிக்குச் சுண்ணாம்புச் சத்து சரிவரக் கிடைக்காததால் வருவது. வெள்ளை ஈயால் பரவும் இலைச்சுருள் நோயையும் குச்சி தடுக்காது. இவற்றைத் தனியே கவனிக்க வேண்டும்.

அறுவடைக்குப் பின்

கடைசிப் பறிப்பு முடிந்ததும் குச்சிகளை வயலிலேயே விட்டுவிடாதீர்கள். பிடுங்கி, ஒட்டிய மண்ணையும் கொடியையும் நீக்கிக் கழுவி, நல்ல வெயிலில் சில நாட்கள் காயவைத்துக் கூரைக்கு அடியில் அடுக்குங்கள். வாடல் நோய் கண்ட வயலின் குச்சிகளை மீண்டும் தக்காளிக்கோ, கத்தரி, மிளகாய்க்கோ பயன்படுத்தாமல் அடுப்புக்கு விடுவது நல்லது. மற்றவற்றை அடுத்த பருவத்தில் அவரைக்கும் பாகலுக்கும் ஊன்றலாம். தக்காளி நின்ற அதே நிலத்தில் தொடர்ந்து அதே குடும்பப் பயிர்களைச் செய்ய வேண்டாம்.

முதன்முறையாகச் செய்பவர்கள் முழு நிலத்திலும் தொடங்க வேண்டியதில்லை. இரண்டு வரிசைக்கு ஊன்று கொடுத்து, இரண்டு வரிசையை அப்படியே விட்டு, ஒவ்வொரு பறிப்பிலும் நல்ல காயையும் அழுகல் காயையும் தனித்தனியே எடை போட்டுக் குறித்து வாருங்கள். உங்கள் மண்ணுக்கும் மழைக்கும் இது கட்டுமா என்பதை அந்தக் குறிப்பே சொல்லும். விவசாயப் பெருமக்கள் வரும் பருவத்துக்கான குச்சிகளை இப்போதே வெட்டிக் காயவைத்துப் பயன்பெறுவார்களாக.