நூல் முனையை மறைத்தல்

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில், மலாக்கா நீரிணையின் ஓரமாக அமைந்த கோலசிலாங்கூரிலும், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களிலும் நிலவும் உஷ்ணத்துக்குக் கம்பளியைவிடப் பருத்தி நூற்பின்னலே உகந்தது. ஆயினும், கம்பளி இழைகள் உராய்வினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் சுபாவம் உடையவையாதலால் அவற்றில் மறைத்த முனை எளிதில் வெளிவராதிருக்க, பருத்தியோ வழுவழுப்பு மிக்கதாகையால், அதனால் பின்னிய குழந்தைச் சட்டையிலும் மேசை விரிப்பிலும் சில சலவைகளிலேயே முனை தலைநீட்டிவிடுகிறது.

ஆகவே, நூலை அறுக்கும்போதே 6 அங்குலம் மிச்சம் விட்டு, அதை மழுங்கிய முனையுள்ள ஊசியில் கோத்து, பின்னலின் உட்புறத்தில் அதே நிறக் கண்ணிகளின் ஊடே 2 அங்குலம் செலுத்தி, பின்பு ஒரு கண்ணியைத் தாண்டித் திசைமாற்றி, வந்த வழியே மறுபடியும் செலுத்த வேண்டும். இந்தத் திசைமாற்றமே பிரதானம். முடிச்சுப் போடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது குழந்தையின் மிருதுவான மேனியை உறுத்தும். பின்னலை நாற்புறமும் மெல்ல இழுத்து, எங்கும் சுருக்கம் விழவில்லை என்று கண்டு, ஒருமுறை அலசி உலர்த்திய பிறகே எஞ்சிய நுனியைக் கத்தரியுங்கள்.