படம் சுருங்கினால் நிலம் சுருங்குமா?

கடன் மனுவோடு புலப்படத்தின் நகலைக் கொண்டுவரும் அங்கத்தினர்களுள் பலர், அதில் '1:1000' என்று அச்சாகியிருப்பதை அப்படியே நம்பிவிடுகின்றனர். அளவுகோலை வைத்து ஒரு பக்கத்தை அளந்து, சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர் வீதம் பெருக்கி எழுதுகின்றனர். அசல் படத்திற்கு இக்கணக்குச் சரியே. ஆயின், கணினியிலிருந்து அச்செடுக்கும்போதும், நகலெடுக்கும்போதும் தாளின் அளவிற்கேற்பப் படம் சிறுத்தோ பெருத்தோ போகிறது. படம் மாறினாலும் '1:1000' என்ற எழுத்து மாறுவதில்லை. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

மண்ணூர்பேட்டை போன்ற ஊர்களில் இது அற்ப விஷயமன்று. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தபின் இச்சுற்றுவட்டாரத்து விளைநிலங்கள் மனைகளாக மாறின. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இங்கே பழைய பத்திரம் சென்ட் கணக்கில் இருக்கும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். விலை பேசுவதோ 'கிரவுண்டு' கணக்கில். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கையில் ஒரு கஜம் குறைந்தாலும் பேச்சு நின்றுவிடும்.

நகல் எவ்வளவு சிறுத்தாலும், எல்லாத் திசையிலும் ஒரே மடங்காகச் சிறுத்திருந்தால், கோணங்கள் மாறா. அப்போது நிலமும் அசலும் நகலும் வடிவொத்த உருவங்களேயாம். ஆகையால், ஏதேனும் ஒரு பக்கத்தின் உண்மை நீளம் தெளிவாகத் தெரிந்தால், மற்றப் பக்கங்களைக் கண்டுவிடலாம்.

ஒரு செவ்வக நிலத்தின் நகலை எடுத்துக்கொள்வோம். வடக்குப் பக்கத்தில் 42 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. தாளில் அது 3.5 சென்டிமீட்டர். 4,200-ஐ 3.5-ஆல் வகுக்க, 1,200 வருகிறது. இதுவே இந்நகலின் மெய்யான மடங்கு. அச்சிட்ட 1,000 அன்று. கிழக்குப் பக்கத்து எண் மங்கிவிட்டது. தாளில் அதன் நீளம் 2.6 சென்டிமீட்டர். 1,200-ஆல் பெருக்கினால் 31.2 மீட்டர். அச்சிட்ட கணக்கை நம்பியிருந்தால் 26 மீட்டரே கிடைத்திருக்கும். வித்தியாசம் 5.2 மீட்டர், அதாவது 17 அடி!

பரப்பில் பிழை இன்னும் பெருகும். நீளம் 1.2 மடங்கு வேறுபட்டால் பரப்பு 1.2 × 1.2, அதாவது 1.44 மடங்கு வேறுபடும். மேற்கண்ட நிலத்தின் பரப்பு 1,310 சதுர மீட்டர், ஏறக்குறைய 13 ஏர். தவறான கணக்கிலோ 910 சதுர மீட்டரே வரும். ஏறத்தாழ 10 சென்ட் காகிதத்திலேயே மறைந்துபோகும். கண்ட பரப்பைப் பட்டாவிலுள்ள பரப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

ஒன்று எச்சரிக்க வேண்டும். தாளில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் நிலத்தில் 1.2 மீட்டர் தவறும். ஆதலால் இக்கணக்கு மனுவைச் சரிபார்க்க உதவுமேயன்றி, வரப்பில் கல் நட உதவாது. அதற்கு நில அளவரே வரவேண்டும்.

வேறொரு திசையில் உள்ள பக்கத்தையும் சோதிப்பது அவசியம். பக்கத்து உட்பிரிவின் கிழக்கு எல்லை 60 மீட்டர் என்றிருந்து, தாளில் 5 சென்டிமீட்டர் இருந்தால் மறுபடியும் 1,200 வரும், நகல் நம்பத்தக்கது. வேறு எண் வந்தால் படம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது என்று பொருள். அந்த நகலை ஒதுக்கிவிட வேண்டும்.

இப்படி ஒரு பக்கமாக இழுபடுதலை நெசவாளர் தறியிலேயே கண்டிருப்பர். அங்குலத்திற்குப் பாவில் 80 இழையும் ஊடையில் 60 இழையும் உள்ள துணிக்கு, கட்டத்திற்கு ஓர் இழையாக, கட்டத்தாளில் 120 கட்ட அகலமும் 120 கட்ட உயரமுமாக வட்டம் வரைந்தால், துணியில் அகலம் ஒன்றரை அங்குலம், உயரம் இரண்டு அங்குலம் ஆகும். சக்கரம் முட்டையாகிவிடும். உயரத்தை 90 கட்டமாகக் குறைத்தால் இரண்டும் ஒன்றரை அங்குலமாகும். கட்டத்தின் அகலம் 3, உயரம் 4 என்ற விகிதத்தில் கோடிட்ட தாள் கிடைத்தால், வட்டத்தை வட்டமாகவே வரைந்துகொள்ளலாம்.